நேரடி நுழைவு கிடையாது

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உன் மாமா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதை வீடெல்லாம் தேடுகிறார். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர்பதனக் கிடங்குக்குள் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா இல்லையா?

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். நாம் போனில் பேசினால் "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து "நீ என்ன பெரிய இவளா"வில் போய் முடிகிறது. இனி எதுவானாலும் கடிதம்தான் என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கேரம் மன்றத்துக்கு நான் செயலாளர் ஆகிவிட்டேன். சிரிக்காதே. ஸ்ட்ரைக்கரை எந்த விரலால் தள்ளுவது என்று தெரியாதவள்தான். ஆனால் போன வருடம் நடந்த கூத்தை நீயும் பார்த்தாயே. இந்த வட்டாரத்தில் இருப்பவர்களையெல்லாம் ஆட்டத்தில் அடித்து நொறுக்கிய அந்தச் செவிலியரை "இடம் நிரம்பிடுச்சும்மா" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார் நம் நாற்காலிக்காரர். யார் கடைசி எட்டுப் பேரில் வருவது என்பது அன்று காலை அவருக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான். அவர் மருமகனுக்கு வருடா வருடம் நேரடி நுழைவு. நாற்காலி, மேசை, கேரம் போர்டு எல்லாம் அவருடைய வாடகைக் கடையிலிருந்து வருவதால் யாரும் வாய் திறப்பதில்லை.

இந்த முறை திறந்தார்கள். பொதுக்குழுவில் ஒரே ரகளை. நான் எழுந்து, "யார் எப்படித் தகுதி பெறுவாங்கன்னு முதல்லயே எழுதி ஒட்டிட்டா என்ன?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். "அப்ப நீங்களே நடத்துங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த வருடப் போட்டி வரை அவகாசம். இறுதிப் போட்டி அன்று எல்லோரும் கை தூக்குவார்கள். பிடித்திருந்தால் என் விதிகள் நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி நாற்காலிக்காரர், அவர் மனசு, அவர் மருமகன். அப்படி ஆனால் நான் மன்றத்து மாடிப்படி ஏறமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

பணிமனையில் இத்தனை பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுகிறவளுக்கு நான்கு கேரம் போர்டு எம்மாத்திரம்? மூன்று வருடமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நீ. என்னென்ன விதி வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். உள்ளே போய் வந்த பிறகு விரல்கள் மரத்துப்போகின்றன. வெந்நீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். அம்மாவை மாடிப்படி ஏறவேண்டாம் என்று சொல். மாமாவுக்கு ஒரு கயிறு வாங்கிக் கொடு, கண்ணாடியைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளட்டும்.

செயலாளர் அம்மாவுக்கு வாழ்த்து! சின்ன வயதில் நீ வீட்டில் தட்டு கழுவுவதற்கே முறை போட்டு சுவரில் ஒட்டியவள். ஊர் இப்போதுதான் உன்னிடம் மாட்டியிருக்கிறது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதி. நேரம்! அந்த மாப்பிள்ளை ஆடுவதைப் பார்த்திருக்கிறாயா? நாற்காலிக்காரரின் மருமகன் என்பதால் ஊரே அவரை மாப்பிள்ளை என்கிறது. ஆட்டத்திலும் மாப்பிள்ளைத் தோரணைதான். குனிவார், நிமிர்வார், பவுடர் தூவுவார், துடைப்பார், மறுபடி குனிவார். அவர் ஒரு காயை அடிப்பதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஓர் அடிக்கு இருபது விநாடி என்று எழுது. தாண்டினால் முறை எதிராளிக்கு. யார் எவர் என்று பார்க்கக்கூடாது. இதை மட்டும் போட்டுவிடு, அவர் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடுவார்.

நான் வழக்கம்போல நேராகக் கடைசி எட்டுக்கு வந்துவிடுகிறேன். நடப்பு சாம்பியன் இல்லையா! விடுமுறை ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். மாமாவுக்குக் கயிறு வாங்கியாயிற்று. இப்போது கயிற்றோடு சேர்த்துத் தேடுகிறார்.

உன் இருபது விநாடியை அப்படியே எடுத்துக்கொண்டேன். நான்காவது விதி. படித்துப் பார்த்த எல்லோரும் "அப்பாடா" என்றார்கள்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் விதி: யாருக்கும் நேரடி நுழைவு கிடையாது. உனக்கும்தான்.

போன வாரம் நாற்காலிக்காரர் பணிமனைக்கே வந்துவிட்டார். என் மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ரொம்ப அன்பாகப் பேசினார்.

"எதுக்கும்மா வீண் சண்டை? உங்க தம்பி சாம்பியன். அவருக்கு ஒரு இடம் குடுத்துடுங்க. என் மருமகனுக்கு ஒண்ணு குடுத்துடுங்க. மத்த ஆறு இடத்துக்கு உங்க விதியை வெச்சிக்கங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"மத்த ஆறு இடத்துக்கு ஆடுறவங்க கேப்பாங்களே" என்றேன்.

"உங்க தம்பிக்கே இல்லைன்னு சொல்லிடுவீங்களா? பாக்கறேன்" என்று போனார்.

அவர் மட்டுமா பார்க்கிறார்? மன்றத்தில் எல்லோர் கண்ணும் என் மேல்தான். உனக்காக ஒரு வரி வளைத்தால், மீதி எல்லா வரியும் வெறும் காகிதம். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "அவனுக்கு ஒரு இடம் குடுத்தா உனக்கு என்னடி குறைஞ்சிடும்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். அவரவர் ஊரிலேயே ஒரு தகுதிச் சுற்று நடத்தலாம். அதில் ஜெயிக்கிற ஒருவர் இங்கே கடைசி எட்டுக்கு வரலாம். எட்டாவது விதி. உன்னை மனதில் வைத்துத்தான் எழுதினேன், ஆனால் யாருக்கும் பொருந்தும்.

கோபித்துக்கொள்ளாதே. பதில் போடு.

அன்புடன்,
அக்கா

மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று உன் மனைவி அம்மாவிடம் போனில் சொன்னாளாம். அப்படியென்றால் கோபம்தான். சரி, கோபத்தோடேயே படி.

முதல் தகுதிச் சுற்று நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, கவிழ்ந்தது என்று சொல்லலாம். அட்டவணை போட்டது யார்? நான். பேருந்துக்குப் போடுவதுபோலவே போட்டேன். ஒரு போர்டும் சும்மா நிற்கக்கூடாது, ஓர் ஆட்டம் முடிந்த கையோடு அடுத்தது புறப்பட வேண்டும் என்று நான்கு போர்டையும் அழகாக ஓட்டிவிட்டேன். ஆள்களை மறந்துவிட்டேன்! ஜன்னலோரப் போர்டில் ஆடிக்கொண்டிருந்த செவிலியர், அதே நேரத்தில் கதவோரப் போர்டிலும் இருக்க வேண்டும் என்று என் அட்டவணை சொல்கிறது. இன்னொருவர் காலையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனவரைத் தோற்றதாக அறிவித்துவிட்டார்கள். வண்டியை மட்டும் பார்த்து ஓட்டுநரை மறக்கிறவள் என்று பணிமனையில் கேள்விப்பட்டிருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நாற்காலிக்காரர் தன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கு மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

அழவில்லை. ஏணி எடுத்து வைத்து அட்டவணையைக் கிழித்தேன். எல்லோர் முன்னாலும், "தப்பு என்னுது. இன்னிக்கு ஆட்டம் எதுவும் கணக்கில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி ஆடலாம்" என்றேன். அன்று ஜெயித்தவர்கள் முணுமுணுத்தார்கள். அந்த வாரம் முழுக்க ஆள்களை வைத்துப் புதிதாகப் போட்டேன். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில் கட்டாய இடைவேளை. இரவுப் பணி முடித்து வருகிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் ஆட்டம். மறு ஞாயிறு கடிகாரம் மாதிரி ஓடியது. முணுமுணுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மறுபடியும் ஜெயித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஒரு வேடிக்கை கேள். உன் மாப்பிள்ளை மூட்டை கட்டவில்லை. தகுதி பெற்றுவிட்டார். வீட்டில் அவர் மனைவி சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நேரம் தாண்டினால் கரண்டியால் தட்டில் அடிப்பாளாம். மனிதர் இப்போது பட்டுப் பட்டென்று அடிக்கிறார். வரிசையில் நின்று பெயர் கொடுத்ததைப் பார்த்தபோது, அவருக்கும் இந்த நேரடி நுழைவு இத்தனை வருடம் உறுத்தியிருக்கும் என்றுதான் தோன்றியது.

எழுது. திட்டியாவது எழுது.

அன்புடன்,
அக்கா

மே 27

அக்காவுக்கு,

நலம். இங்கே மின்சாரக் கோளாறு, இரண்டு அறைகளில் இருந்த சரக்கை இரவோடிரவாக இடம் மாற்ற வேண்டியிருந்தது. எழுத நேரம் இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

எட்டாவது விதியைப் பற்றிச் சில சந்தேகங்கள். வெளியூர்ச் சுற்றுக்குக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும்? யாரோடு யார் என்பதை நடத்துகிறவரே முடிவு செய்யலாமா? நடத்துகிறவரும் ஆடலாமா? நடுவர் ஆடுகிறவரிடம் வேலை பார்ப்பவராக இருக்கலாமா?

பதிலைச் சீக்கிரம் அனுப்பு.

தம்பி

ஜூன் 3

என் அருமைத் தம்பிக்கு,

அம்மாவின் முழங்கால் பறந்துகொண்டிருக்கிறது! உன் கடிதம் வந்ததும் வாசலுக்கு ஓடியவள் அவள்தான். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "கேட்டதுக்கெல்லாம் நல்லபடியா பதில் எழுது" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மாமாவும் நலம்.

நல்லபடியாகவே எழுதுகிறேன், ஆனால் வளைக்காமல். குறைந்தது பதினாறு பேர். யாரோடு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும், எல்லோர் கண் முன்னாலும். நடத்துகிறவர் ஆடலாம், ஆனால் அவர் குலுக்கக்கூடாது. நடுவர் யாராகவும் இருக்கலாம், ஆடாதவராக இருந்தால் போதும். அவர் சொன்னால் சொன்னதுதான். முடிவை அன்றே சுவரில் ஒட்ட வேண்டும். முதலில் வந்த ஒருவர் மட்டும்தான் இங்கே வரலாம்.

நடுவரைப் பற்றி நீ கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வருடம் சேர்த்துக்கொள்கிறேன். இந்த வருட விதியை நடுவில் மாற்ற மாட்டேன்.

கிடங்கில் பதினாறு பேர் தேறுவார்களா? எப்படியாவது தேற்று. நீ வந்துவிடுவாய். எனக்குத் தெரியும்.

மகிழ்ச்சியுடன்,
அக்கா

ஜூலை 21

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே?

சுற்று நடந்து முடிந்தது. ஆள் பிடிக்க நான் அலையவே வேண்டியிருக்கவில்லை. அறிவிப்பு ஒட்டிய மறுநாளே சரக்கு ஏற்றுகிறவர்கள், எழுத்தர்கள், காவலர், பக்கத்துப் பனிக்கட்டித் தொழிற்சாலைக்காரர்கள் என்று முப்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். ஓய்வறையில் இரண்டு போர்டு. உள்ளே வேலை முடித்து வருகிறவர்களின் விரல்களுக்கு முதலில் வெந்நீர், பிறகுதான் ஆட்டம் என்று நாங்களே ஒரு விதி சேர்த்துக்கொண்டோம். உன் விதிகளில் ஒன்றையும் விடவில்லை. குலுக்கியது சமையல்காரம்மா.

எங்கள் ஊரிலிருந்து ஒருவர் வருவார். இறுதிப் போட்டிக்கு முந்தின சனிக்கிழமை காலை பேருந்தில். தங்க இடம் ஏற்பாடு செய்.

அன்புடன்,
தம்பி

ஜூலை 30

என் தம்பிக்கு,

"ஒருவர் வருவாராம்!" பெரிய மனுஷன் தோரணையைப் பார். எல்லோரும் நலம், உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாடி அறையைச் சுத்தம் செய்தாயிற்று. மெத்தையை வெயிலில் போட்டு அம்மா அதை அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உன் பழைய ஸ்ட்ரைக்கரை மாமா தேடி எடுத்து வைத்திருக்கிறார். தன் கண்ணாடியைத் தேடும்போது கிடைத்ததாம்.

உனக்கு ஓர் இடத்தை நான் கள்ளத்தனமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்று நாற்காலிக்காரர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். "வெளியூர்ச் சுற்றாம், தம்பியே நடத்துவாராம், தம்பியே ஜெயிப்பாராம்" என்கிறார். சொல்லட்டும். முடிவுத் தாளைச் சீக்கிரம் அனுப்பு, சுவரில் ஒட்டி அவர் வாயை அடைக்கிறேன்.

உன் மனைவியையும் அழைத்து வா.

அன்புடன்,
அக்கா

ஆகஸ்ட் 7

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதே.

வருகிறவர் நான் இல்லை. இறுதி ஆட்டத்தில் நான் தோற்றுவிட்டேன்.

ஜெயித்தவர் எங்கள் கிடங்கில் சரக்குத் தூக்கி வண்டி ஓட்டுகிறவர். வண்டியின் ஹாரனுக்கு முன்னால் அவர் குரல் கேட்டுவிடும் என்பதால் அவரை எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அடக்கம் என்றால் என்ன விலை என்று கேட்பார். ஆட்டம் தொடங்கும் முன்பே "சார், உங்களுக்குத் துண்டு குடுக்கட்டுமா, அழுறதுக்கு?" என்று கேட்டார். ஆனால் ஆட்டம் சுத்தமான ஆட்டம்.

கடைசி போர்டில், அதாவது கடைசியாகக் காய் அடுக்கி ஆடியதில், எனக்கு ஒரே ஒரு காய் மிச்சம், அதுவும் குழி வாசலில். அவருக்கு இரண்டு. நான் அவசரப்பட வேண்டாம் என்று நிதானமாகக் குறி பார்த்தேன். துடைத்தேன், மறுபடி பார்த்தேன். இருபது விநாடி தாண்டிவிட்டது. முறை அவருக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டார். மாப்பிள்ளைக்கு நான் வெட்டிய குழியில் நானே உட்கார்ந்திருக்கிறேன், சிரித்துக்கொள்.

முன்பே சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. முடிவுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே ஒரே நாளில் இரண்டு பேருக்கு விடுமுறை தரமாட்டார்கள். அவர் வந்தால் நான் கிடங்கில் இருக்க வேண்டும். அவரை நன்றாகக் கவனித்துக்கொள். மெத்தை வீணாகாது.

தம்பி

ஆகஸ்ட் 29

என் கண்ணான தம்பிக்கு,

எல்லோரும் நலம். நலம் என்ன நலம், மிதந்துகொண்டிருக்கிறோம்! முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் கடிதத்தைப் பணிமனையில் வைத்துத்தான் படித்தேன். மாலையில் மன்றத்துக்குப் போய் முடிவுத் தாளை ஒட்டினேன். தோற்றவர்கள் வரிசையில் உன் பெயர். கூட்டம் சேர்ந்துவிட்டது. நாற்காலிக்காரர் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வந்து படித்தார்.

"உங்க தம்பியா? நெஜமாவே வெளியவா?"

"ஆமா. தோத்துட்டான்."

"நீங்க... ஒண்ணும் செய்யலையா?"

"விதியில ஒண்ணும் இல்லையே, செய்ய."

அவர் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போடவில்லை. அன்றிலிருந்து கடைத்தெருவில் அந்தப் பேச்சே இல்லை. நான் மாதக்கணக்கில் கத்தியும் நம்பாதவர்கள் அந்த ஒற்றைத் தாளைப் பார்த்து நம்பினார்கள்.

சனிக்கிழமை காலை சைரன் வந்தார். ஆள் தெருமுனைச் சைக்கிள் கடை வாசலில் நிற்கும்போதே குரலை வைத்து வீட்டில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். மதியத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னைக் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

இறுதிப் போட்டி அன்று படிக்கட்டில்கூட ஆள். செவிலியர் காலிறுதியில் தோற்றார். அவரிடம் போய் என்ன சொல்வது என்று தயங்கி நின்றேன். அவரே, "பரவாயில்லக்கா. போன வருஷம் ஏன் வெளிய போனேன்னு தெரியல. இந்த வருஷம் எப்படித் தோத்தேன்னு தெரியுது. போய்ப் பழகிக்கிட்டு வரேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியில் மிஞ்சியது சைரனும் மாப்பிள்ளையும். ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தின் கடைசி போர்டு. ஆளுக்கு ஒரு காய். முறை மாப்பிள்ளையுடையது. அவர் காயோ போர்டின் ஓரக் கட்டையை ஒட்டிக்கொண்டு, குழிக்கு நேராகவே இல்லை. நடுவர் கடிகாரத்தை அழுத்தினார். பழைய மாப்பிள்ளையாக இருந்தால் பவுடர் டப்பாவைத் தேடியிருப்பார். இவர் ஒரு தடவை குனிந்தார், எதிர்க் கட்டையில் அடித்தார், ஸ்ட்ரைக்கர் திரும்பி வந்து காயைத் தள்ளிக்கொண்டு போய்க் குழியில் போட்டது!

முதலில் கத்தியது யார் தெரியுமா? தோற்ற சைரன். "அடிச்சாம்பாரு!" என்று கத்திவிட்டு, எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அது வாழ்த்தா மிரட்டலா என்று தெரியவில்லை.

நாற்காலிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். யாரோ, "உங்க மருமகன் ஜெயிச்சிட்டாரு" என்றார்கள். "என் மருமகன்னு சொல்லாதீங்க. ஜெயிச்சவன்னு சொல்லுங்க" என்றார். அந்த மனிதரை எனக்கு முதல் தடவையாகப் பிடித்தது. மாப்பிள்ளையை இப்போது யாரும் மாப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. சாம்பியன் என்கிறார்கள்.

அப்புறம் கை தூக்கும் நேரம். "இதே விதிகள் நிலைக்கலாம்னு நினைக்கறவங்க" என்று கேட்டார்கள். முதலில் எழுந்த கை நாற்காலிக்காரருடையது. அப்புறம் எண்ணவே முடியவில்லை. இரண்டு கையையும் தூக்கியவர்கள் பாதிப் பேர்; அதில் உன் மாமாவும் ஒருவர், அவர் உறுப்பினரே இல்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் தம்பி! எழுதி ஒட்டிய நான்கு தாள் ஜெயித்துவிட்டது.

ஒன்றே ஒன்று என் மனதைக் குடைகிறது. எல்லோரும் கை தட்டும்போது நீ அங்கே குளிருக்குள் நின்றுகொண்டிருந்தாய். கூடப் பிறந்தவனை வெளியே தள்ளித்தான் இந்தக் கைதட்டலை வாங்கினேனோ என்று இருக்கிறது. இன்னும் கோபமா? சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா

செப்டம்பர் 9

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

சைரன் எழுதறேன். நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா? எனக்கு எழுதறதெல்லாம் வராது, பேசத்தான் வரும். அதனால பேசற மாதிரியே எழுதறேன். அந்த மெத்தையில படுத்த மாதிரி நான் எங்கயும் தூங்கினதில்ல.

நீங்க ஊர்ல என்கிட்ட கேட்டீங்களே, "என் தம்பி எப்படித் தோத்தான்?"னு. நான் "நேரம் போயிடுச்சு"ன்னு மட்டும் சொன்னேன். சார் அதுக்கு மேல சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டிருந்தாரு. வாயை மூடிக்கிட்டு இருக்கறது எனக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். இத்தனை நாள் தாங்கினதே பெரிசு. இப்ப சொல்லிடறேன்.

நடுவரா இருந்தது எடை போடற இடத்துல புதுசா சேர்ந்த எழுத்தர். சாருக்குக் கீழ வேலை. கடைசி அடிக்கு சார் குறி பாத்துக்கிட்டே இருந்தாரு. நேரம் முடிஞ்சிடுச்சு. நடுவர் கடிகாரத்தைப் பாக்கறாரு, சாரைப் பாக்கறாரு. வாய் திறக்க மாட்டேங்கறாரு. வேர்த்துக் கொட்டுது அவருக்கு. கடிகாரம் எனக்கும் தெரியல, சுத்தி நின்னவங்களுக்கும் தெரியல. சார் அடிச்சிருந்தா காய் உள்ள. சத்தியமா உள்ள. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க.

சார் நிமிர்ந்து அந்த எழுத்தர் முகத்தைப் பாத்தாரு. ஸ்ட்ரைக்கர் மேல விரலை வெச்சிக்கிட்டு ஒரு நொடி அப்படியே இருந்தாரு. அப்புறம் விரலை எடுத்துட்டு, "நேரம் முடிஞ்சிடுச்சு இல்ல? சொல்லுங்க. பயப்படாம சொல்லுங்க"ன்னாரு. அந்த ஆளு மெதுவா "முடிஞ்சிடுச்சு சார்"னாரு. சார் ஸ்ட்ரைக்கரை எடுத்து என் கையில குடுத்தாரு.

எனக்கே ஒரு நிமிஷம் பேச்சு வரல. என் வாழ்க்கையில அது ஒரு தடவைதான்.

இங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. தெரியணும்னு தோணிச்சு.

இப்படிக்கு,
அடுத்த வருஷ சாம்பியன்

செப்டம்பர் 17

என் தம்பிக்கு,

எல்லோரும் நலம். அவர் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். "ஏன்டி, அவன் ஏன் நம்மகிட்ட சொல்லல?" என்று கேட்டாள். பிறகு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே, உன் பழைய ஸ்ட்ரைக்கரை எடுத்துத் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் மூன்று கோப்பைக்கும் முன்னால் வைத்தாள்.

நான் உன்னை வெளியே தள்ளிவிட்டேன் என்று இத்தனை நாள் குமைந்துகொண்டிருந்தேன், முட்டாள். நீயாகவே விரலை எடுத்திருக்கிறாய். இங்கே கை தட்டினார்களே, அது என் விதிக்கு என்று நினைத்துவிட்டேன். அந்த விதியை நான் காகிதத்தில்தான் எழுதினேன். நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில், உனக்கு எதிராகவே, முதன்முதலில் அதை நடத்திக் காட்டியவன் நீ. பெருமையில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிறது. பணிமனையில் எல்லா ஓட்டுநரிடமும் சொல்லிவிட்டேன். நேற்று நாற்காலிக்காரரிடமும் சொன்னேன். அவர் உடனே கடைக்குள் போய், கைப்பிடி வைத்த நல்ல நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அடுத்த வருஷம் அவர் வந்தா இதுல உட்காரட்டும்" என்றார்.

நாற்காலி காத்திருக்கிறது. ஆனால் அதில் உட்கார நீ தகுதிச் சுற்றில் ஜெயித்துத்தான் வரவேண்டும். சைரன் இருக்கிறார், பார்த்துக்கொள். நடுவர், ஆடுகிற யாருக்கும் கீழே வேலை பார்ப்பவராக இருக்கக்கூடாது என்று ஒன்பதாவது விதி எழுதியாயிற்று. அந்த எழுத்தரிடம் சொல், இனி அவருக்கு வேர்க்காது.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மா உத்தரவை ரத்து செய்துவிட்டாள். சண்டை வந்தால் வரட்டும், எனக்கு உன் குரலைக் கேட்க வேண்டும்.

மன்றத்தில் உனக்கு அடுத்த வருடமும் நேரடி நுழைவு கிடையாது. இந்த வீட்டில் மட்டும் என்றைக்கும் உண்டு.

உன்,
அக்கா